சாக்லேட் – கடலைச் சாஸ்: ஒரு துளி நீர் செய்யும் விந்தை

மேல்விஷாரத்தில் சித்திரை மாதத்து நண்பகலில் ஒரு சாக்லேட் கட்டியைக் கடையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து பாருங்கள். வீடு சேரும்போது பையில் கட்டி இருக்காது, கூழ்தான் இருக்கும். சாக்லேட்டில் உள்ள கொழுப்புக்குக் கோகோ வெண்ணெய் என்று பெயர். அது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியசில் உருகிவிடும். பாலாற்றங்கரை ஊர்களிலோ கோடையில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. நமது உடலின் வெப்பநிலை 37 டிகிரி. சாக்லேட் வாயில் போட்டவுடன் உருகுவதற்கும், நம் ஊர் வெயிலில் உருகுவதற்கும் காரணம் ஒன்றே.

கட்டியாக நிற்க மறுக்கும் பொருளை நாமே கூழாக்கிப் பயன்படுத்தினால் என்ன? கோகோ தூள், வேர்க்கடலை, பால், சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு ஒரு சுவையான சாஸ் செய்யலாம். ஐஸ்கிரீமின் மீதும், நறுக்கிய வாழைப்பழத்தின் மீதும், ரொட்டித் துண்டின் மீதும் அதை ஊற்றி உண்ணலாம். ஆனால் செய்முறைக்குப் போகுமுன் ஒரு புதிரை விடுவித்துக் கொள்வோம். அதை விடுவித்தால் இந்தச் சாஸ் ஒருநாளும் உங்கள் கையில் கெட்டுப்போகாது.

புதிர் இதுதான். ஒரு கிண்ணத்தில் சாக்லேட்டை உருக்குகிறீர்கள். அது பளபளப்பாக, எண்ணெய்போல் வழிகிறது. ஈரமான கரண்டியிலிருந்து சில துளி நீர் அதில் விழுந்துவிடுகிறது. கலக்கக் கலக்க, வழிந்துகொண்டிருந்த சாக்லேட் இறுகி, சொரசொரப்பான உருண்டையாகிவிடுகிறது! நீர் விட்டால் எதுவும் இளகத்தானே வேண்டும்? இது மட்டும் ஏன் இறுகுகிறது? விந்தை இதோடு முடியவில்லை. இறுகிய அதே சாக்லேட்டில் இன்னும் சில கரண்டி சூடான பாலையோ நீரையோ ஊற்றிக் கலக்கினால், அது மறுபடியும் இளகி வழவழப்பான சாஸ் ஆகிவிடுகிறது. கொஞ்சம் நீர் கெடுக்கிறது. நிறைய நீர் திருத்துகிறது. ஏன்?

ஆற்று மணலில் விடை

ஆண்டின் பெரும்பகுதி பாலாறு வறண்ட மணற்பரப்பாகவே கிடக்கும். அங்கே உலர்ந்த மணலைக் கையில் அள்ளுங்கள். அது விரல் இடுக்கில் நீர்போல் ஒழுகிவிடும். அதே மணலில் சிறிது நீர் தெளித்துப் பிசைந்தால் வீடு கட்டலாம், கோபுரம் எழுப்பலாம். அந்தக் கோபுரத்தின் மேல் ஒரு குடம் நீரைக் கொட்டினால் அது சேறாகக் கரைந்து ஓடிவிடும்.

உலர்ந்த மணலில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உருளுகிறது. சிறிது நீர் சேர்ந்ததும் மணிக்கும் மணிக்கும் இடையில் நீர்ப் பாலங்கள் உண்டாகின்றன. நீரின் பரப்பு இழுவிசை மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நீர் மிகுந்துவிட்டால் பாலங்களுக்கு இடமில்லை. மணிகள் நீரில் மிதந்து நகரத் தொடங்குகின்றன.

சாக்லேட்டின் உள்ளேயும் மணல் உண்டு. மிக நுண்ணிய சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களுமே அந்த மணல். நல்ல சாக்லேட்டில் ஒரு துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரில் 50-ல் ஒரு பங்கு அளவே இருக்கும். அதனால் நாவுக்குத் துகள் தெரிவதில்லை. 1879-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் லின்ட் சாக்லேட்டை நெடுநேரம் கடைந்து அரைக்கும் எந்திரத்தை அமைத்த பிறகே இத்தகைய வழவழப்பு கைகூடியது. இந்தத் துகள்களைச் சுற்றிக் கோகோ வெண்ணெய் நிறைந்திருக்கிறது. அது உருகியதும் துகள்கள் அதில் வழுக்கிக்கொண்டு நகருகின்றன.

இப்பொழுது ஒரு துளி நீர் உள்ளே விழுகிறது. நீரும் கொழுப்பும் ஒன்று கலவாதவை என்பது உங்களுக்குத் தெரியும். சர்க்கரையோ நீரை விரும்பும் பொருள். சர்க்கரைத் துகள்கள் அந்த நீரைப் பற்றிக்கொண்டு, மேற்பரப்பில் கரைந்து, பாகு போன்ற பசையைப் பூசிக்கொள்கின்றன. பசை பூசிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வழிந்த சாக்லேட் இறுகியதன் இரகசியம் இதுவே. நீரை இன்னும் மிகுதியாக ஊற்றும்போது சர்க்கரை முழுவதும் கரைந்து பாகாகிவிடுகிறது. இப்பொழுது எங்கும் நிறைந்திருப்பது கொழுப்பு அல்ல, நீர்ப்பாகு. கொழுப்பு சிறுசிறு துளிகளாகப் பிரிந்து அதில் மிதக்கிறது. ஒரு நீர்மத்தின் நுண்துளிகள் அதனோடு கலவாத மற்றொரு நீர்மத்தில் பரவி நிற்பதைப் பால்மம் என்பார்கள். நாம் அருந்தும் பாலும் இத்தகையதே. ஆக, கெட்ட சாக்லேட் திருந்தும்போது அதன் உள்ளமைப்பே தலைகீழாக மாறிவிடுகிறது.

கடலையும் அதே கதைதான்

வேர்க்கடலையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். நான்கில் ஒரு பங்கு புரதம். எண்ணெய் நுண்ணிய உருண்டைகளாகக் கடலையின் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வறுத்த கடலையை மிக்சியில் அரைக்கும்போது கவனியுங்கள். முதலில் தூளாகும். பிறகு கட்டிகட்டியாகத் திரளும். விடாமல் அரைத்தால் செல்கள் உடைந்து எண்ணெய் வெளிவந்து, வழியும் விழுதாகிவிடும். ஒரு சொட்டு எண்ணெய்கூட நீங்கள் ஊற்றவில்லை. எல்லாம் கடலைக்குள் இருந்ததுதான்.

இந்த விழுதில் ஒரு சிறு கரண்டி நீர் விட்டுக் கலக்குங்கள். அது உடனே கெட்டியாகும்! சாக்லேட்டில் சர்க்கரை செய்த வேலையை இங்கே புரதமும் மாவுப்பொருளும் செய்கின்றன. அவை நீரை உறிஞ்சிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செக்கில் எள் ஆட்டுபவர்களுக்கு இந்த உண்மை பழங்காலந்தொட்டே தெரியும். எள் நன்றாக நசுங்கியதும் சிறிது நீர் தெளிப்பார்கள். பிண்ணாக்கு நீரைப் பற்றிக்கொண்டு திரளும். எண்ணெய் தனியே பிரிந்துவிடும்.

நீரை நிறைய விட்டு அரைத்தாலோ? அதுதான் நீங்கள் காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் வேர்க்கடலைச் சட்னி. கடலை எண்ணெய் நுண்துளிகளாக நீரில் பரவியிருப்பதால்தான் சட்னி வெளுப்பாக இருக்கிறது. நம் வட்டாரத்துப் பிரியாணிக்குத் துணையாக வரும் கத்தரிக்காய்க் குழம்பிலும் சில வீடுகளில் வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து விடுவது உண்டு. அது கொதித்து நீர் சுண்டும்போது மேலே எண்ணெய் மிதந்து வருவதைக் கண்டிருப்பீர்கள். நீர் குறைந்ததும் பால்மம் உடைகிறது, எண்ணெய் பிரிகிறது. கத்தரிக்காய்க் குழம்புக்கு அது பக்குவத்தின் அடையாளம். நமது சாஸுக்கோ அது அளவு மீறிய அடையாளம்!

நாவிலே ஒரு தோல் பதனிடும் சாலை

நீரே போதுமென்றால் பால் எதற்கு? இதற்கு விடை மேல்விஷாரத்தின் தொழிலிலேயே இருக்கிறது.

இனிப்புச் சேராத கோகோ தூளைச் சிறிது நாவில் வைத்துப் பாருங்கள். கசப்போடு, வாய் உலர்ந்து சுருங்குவது போன்ற ஓர் உணர்வும் தோன்றும். அதுவே துவர்ப்பு. அதற்குக் காரணமானவை டானின்கள் முதலிய பொருள்கள். டானின்களுக்குப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டு. நமது உமிழ்நீரை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்களை அவை பற்றிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் தோன்றுகிறது.

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். பட்டை கலந்த நீரில் ஊறவைத்துப் பதனிட்டால் பல்லாண்டு உழைக்கும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், பிற்காலத்தில் வாட்டில் மரப்பட்டையும் இதற்குப் பயன்பட்டன. இவற்றிலுள்ள டானின்கள் தோலின் கொலாஜன் என்னும் புரத இழைகளைப் பற்றிப் பிணைத்துவிடுகின்றன. இன்று உலகில் பெரும்பகுதித் தோல் குரோமிய உப்புக்களால் பதனிடப்படுகிறது என்றாலும், பட்டை முறையும் மறைந்துவிடவில்லை. கடுக்காயைக் கடித்தால் வாயில் நடப்பதும், பட்டைத் தொட்டியில் தோலுக்கு நடப்பதும் அடிப்படையில் ஒன்றே.

இப்போது பாலின் வேலை புரிந்திருக்கும். பாலில் கேசின் என்ற புரதம் இருக்கிறது. கோகோவின் டானின்கள் அதைப் பற்றிக்கொண்டுவிட்டால், நாவைப் பற்ற மிஞ்சுபவை குறைவு. கடுந்தேநீரைப் பால் இல்லாமல் ஒரு வாயும், பால் சேர்த்து ஒரு வாயும் அருந்தி ஒப்பிட்டால் இது விளங்கும். மேலும், கேசின் கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்துகொண்டு அவை ஒன்றுசேராமல் காக்கிறது. ஆகவே பால் தேவையான நீரைத் தருகிறது, துவர்ப்பைத் தணிக்கிறது, பால்மத்தையும் நிலைநிறுத்துகிறது. வேர்க்கடலையின் சிவந்த தோலிலும் டானின்கள் உண்டு. அதனால்தான் வறுத்த பின் தோலைத் தேய்த்து ஊதிவிடுகிறோம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: வேர்க்கடலை 75 கிராம், சர்க்கரை சேராத கோகோ தூள் 30 கிராம், சர்க்கரை 100 கிராம், காய்ச்சி ஆறிய பால் 250 மில்லிலிட்டர், வெண்ணெய் 15 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். கொதிக்கும் சர்க்கரைக் கலவை தோலில் ஒட்டினால் வெந்நீரைவிடக் கடுமையாகச் சுடும்.

1. கடலையைச் சிறு தீயில், கிளறிக்கொண்டே வறுங்கள். மணம் எழுந்து பொன்னிறம் வரும்போது இறக்குங்கள். இந்த மணமும் நிறமும் புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிவதால் உண்டாகின்றன. 1912-இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மேயார் பெயரால் இது வழங்குகிறது. கருக விட்டால் மணம் போய்க் கசப்பு வந்துவிடும்.

2. ஆறியதும் தோலை நீக்கி, ஈரமில்லாத மிக்சிப் பாத்திரத்தில் விட்டுவிட்டு அரைத்து விழுதாக்குங்கள். பாத்திரத்தில் ஈரம் இருந்தால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

3. வேறொரு பாத்திரத்தில் கோகோ தூளையும் சர்க்கரையையும் உப்பையும் உலர்ந்த நிலையிலேயே கலந்துகொள்ளுங்கள். கோகோ தூளில் கொழுப்பு இருப்பதால் அது நீரில் எளிதில் நனையாது. நேராகப் பாலில் கொட்டினால் கட்டி தட்டும். சர்க்கரைப் படிகங்கள் இடையில் புகுந்து தூளைப் பிரித்துவைக்கும். பிறகு 4 கரண்டி சூடான பாலை விட்டுக் குழையுங்கள். கேழ்வரகு மாவை முதலில் சிறிது நீரில் கரைத்துக்கொண்டு பின் கூழ் காய்ச்சுவது போலத்தான் இதுவும்.

4. மீதிப் பாலையும் ஊற்றி, சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். கொதி வந்தபின் 3 அல்லது 4 நிமிடம் போதும். கோகோவில் உள்ள மாவுப்பொருள் வெந்து கலவை தடிக்கத் தொடங்கும். இறக்கிவிடுங்கள்.

5. கடலை விழுதில் 2 கரண்டி சூடான கலவையை விட்டுக் கலக்குங்கள். விழுது இறுகும், அஞ்ச வேண்டாம். இன்னும் சில கரண்டி விடுங்கள், இளகும். நன்றாக இளகியதும் மொத்தக் கலவையில் சேர்த்து, வெண்ணெயையும் போட்டுக் கலக்குங்கள். ஆறும்போது சாஸ் மேலும் தடிக்கும். ஆகவே சூட்டில் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்.

மேலே எண்ணெய் பிரிந்து மிதந்தால் நீர் சுண்டிவிட்டது என்று பொருள். கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு கரண்டியாகச் சூடான பாலை விட்டு வேகமாகக் கலக்குங்கள், மறுபடியும் சேர்ந்துவிடும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

கடையில் விற்கும் சாக்லேட் கடலை விழுதுகள் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கின்றன. நமது சாஸ் அப்படி இராது. இங்கும் காரணம் நீர்தான். அந்த விழுதுகளில் கொழுப்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, நீர் மட்டும் மிகமிகக் குறைவு. நீரில்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. பச்சைத் தோலை உப்பிட்டு வைப்பதும் இந்தத் தத்துவத்தால்தான். உப்பு நீரை இழுத்துக்கொள்வதால் தோல் அழுகுவது தடைப்படுகிறது. நாம் சேர்க்கும் 100 கிராம் சர்க்கரையோ 250 மில்லிலிட்டர் பாலின் நீரைக் கட்டிப்போடப் போதாது. ஆகவே நமது சாஸைத் தூய கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். 3 நாட்களுக்குள் உண்டு முடித்துவிடுங்கள். கோடை நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

கடலையைப் பொறுக்கும்போது கண் கூர்மையாக இருக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாத நோயால் இறந்தன. அவற்றுக்கு ஊட்டிய வேர்க்கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சை வளர்ந்து நஞ்சைச் சுரந்திருந்தது பின்னர் தெரியவந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கி, நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். அது கல்லீரலைத் தாக்கும். நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் புற்றுநோயையும் உண்டாக்கும். வறுப்பதால் இந்நஞ்சு முழுவதும் அழிவதில்லை. எனவே பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைத் தயங்காமல் எறியுங்கள். ஒரு கைப்பிடிக் கடலையைக் காப்பதைவிட ஈரலைக் காப்பது மேல்.

இன்னொன்று. சிலருக்கு வேர்க்கடலை ஒவ்வாது. அவர்கள் சிறிதளவு உண்டாலும் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்து நேரலாம். நண்பருக்குக் கொடுக்குமுன் “உனக்குக் கடலை ஒத்துக்கொள்ளுமா?” என்று கேட்டுவிடுங்கள். சாஸில் கடலை இருப்பதை மறைத்து வைத்து வேடிக்கை செய்ய வேண்டாம்.

ஒரே கண்டத்துப் பயணிகள்

கோகோவும் வேர்க்கடலையும் தென் அமெரிக்காவில் தோன்றியவை. வேர்க்கடலையை நம் வட மாவட்டங்களில் மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் சொல்வது, அது பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயரோடு வந்ததைக் காட்டுகிறது. அது பழைய வட ஆர்க்காட்டின் மானாவாரி நிலங்களில் வேரூன்றிவிட்டது. கோகோவை ஆங்கிலேயர் 1798-இல் குற்றாலத்தில் நட்டுப் பார்த்தார்கள். இன்று பொள்ளாச்சிப் பகுதியில் தென்னந்தோப்புகளின் நிழலில் ஊடுபயிராக அதைக் காணலாம்.

இவ்விரண்டு வகைப் பொருள்களைச் சேர்க்கும் எண்ணத்துக்கு வறுமையும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் கோகோவுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆல்பா என்ற ஊரில் இனிப்புக்கடை வைத்திருந்த பியெத்ரோ ஃபெரேரோ, அங்கே மலிவாகக் கிடைத்த ஹேசல் கொட்டையை அரைத்துச் சிறிது கோகோவுடன் சேர்த்து, 1946-இல் விற்கத் தொடங்கினார். முதலில் அது கத்தியால் வெட்டும் கட்டியாக இருந்தது. 1951-இல் தடவும் விழுதாகியது. 1964-இல் நூட்டெல்லா என்ற பெயர் பெற்றது. அவர்கள் மண்ணில் விளைந்த கொட்டையை அவர்கள் பயன்படுத்தினார்கள். நம் மண்ணில் விளையும் கடலையை நாம் பயன்படுத்துகிறோம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு சோதனை. 2 மேசைக்கரண்டி கடலை விழுதை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கரண்டியால் ஒவ்வொரு கரண்டியாக நீர் விட்டு, ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி, கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள். விழுது வழிகிறதா, நிற்கிறதா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனையாவது கரண்டியில் அது மிகவும் இறுகியது? எத்தனையாவது கரண்டியில் மறுபடியும் வழியத் தொடங்கியது? அடுத்த முறை வெந்நீரைக் கொண்டு செய்து பாருங்கள். எண்கள் மாறுகின்றனவா?